ஐபி முகவரியும் சப்நெட்டும்: சிறு நிறுவனமொன்றின் வலையமைப்பைப் பிரிக்கும் முறை

மட்டக்களப்பிலிருந்து கல்முனை வழியாக அக்கரைப்பற்று வரை நீளும் வீதியோரத்துக் கல்வி நிலையங்கள், மருந்தகங்கள், விடுதிகள், அரிசி ஆலைகள் பலவற்றில் ஒரே ஒரு ரவுட்டர்தான் எல்லாச் சுமையையும் தாங்குகிறது. பில் போடும் கணினி, அலுவலக அச்சுப்பொறி, சிசிடிவி கமரா, வந்து போகிறவர்களின் கைத்தொலைபேசிகள் ஆகிய அனைத்தும் ஒரே முகவரித் தொகுதிக்குள் அடைந்து கிடக்கின்றன. பத்துக் கருவிகள் இருக்கும்வரை இதனால் குறையொன்றும் தெரியாது. கருவிகள் நூறைத் தாண்டும்போதும், வெளியாரின் தொலைபேசியும் கணக்கு வைத்திருக்கும் கணினியும் ஒரே வலையமைப்பில் இருப்பது சரியில்லை என்று உரிமையாளருக்குப் படும்போதும் வலையமைப்பைச் சப்நெட் எனப்படும் சிறு துண்டுகளாகப் பிரிக்க வேண்டி வருகிறது. அந்த வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களையும், க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் எடுத்துச் சப்நெட் கணக்கில் தடுமாறும் மாணவர்களையும் மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஒரு பேனா, ஒரு கொப்பி, ஒரு விண்டோஸ் கணினி ஆகியவை போதும்.

தொடங்குமுன் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். வலையமைப்பில் உள்ள ஒவ்வொரு கணினியும் ஒரு பொதியை (தரவுத் துண்டை) அனுப்புவதற்கு முன் தன்னிடமே ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்கிறது: இது சேர வேண்டிய முகவரி என் வலையமைப்புக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? உள்ளே என்றால் நேரே அனுப்பும். வெளியே என்றால் ரவுட்டரிடம் கொடுத்துவிடும். சப்நெட் மாஸ்க் இருப்பது இக்கேள்விக்கு விடை காண்பதற்காக மட்டுமே. சூத்திரங்களை மனப்பாடம் செய்தவர்கள் பரீட்சைத் தாளில் சரியாக எழுதிவிட்டு, களத்தில் ஒரு கமரா தெரியாமற்போனால் திகைத்து நிற்பதற்குக் காரணம், இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொள்ளாமல் எண்களை மட்டும் பிடித்துக்கொண்டதுதான்.

முதற் படி: உங்கள் கணினியிடம் கேளுங்கள்

விண்டோஸ் தேடல் பெட்டியில் சிஎம்டி (cmd) என்று தட்டினால் கறுப்புத் திரை திறக்கும். அதில் ஐபிகொன்பிக் (ipconfig) என்ற கட்டளையை ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல் அடித்து என்டரை அழுத்துங்கள். வந்து விழும் வரிகளில் மூன்றைக் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்: ஐபிவி4 முகவரி, சப்நெட் மாஸ்க், டிஃபோல்ட் கேட்வே (வெளியே போகும் பொதிகளை வாங்கும் ரவுட்டரின் முகவரி). வீட்டில் அல்லது சிறு அலுவலகத்தில் இவை அனேகமாக 192.168.1.23, 255.255.255.0, 192.168.1.1 என்பவை போலிருக்கும். சில ரவுட்டர்களில் 192.168.8.1, 192.168.0.1 என்பவை கேட்வேயாக இருக்கும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால் மேற்கொண்டு எதையும் கணக்கிட வேண்டாம். முகவரி தரும் கருவியிடம் கேட்டும் பதில் கிடைக்காததால், கணினி தானாக ஒன்றைச் சூட்டிக்கொண்டிருக்கிறது என்பதே அதன் பொருள். கேபிளையும், கேபிள்களை ஒன்றிணைக்கும் சுவிட்சையும், முகவரி தரும் டிஎச்சிபி சேவையையும் முதலில் பாருங்கள்.

இரண்டாம் படி: நான்கு எண்களுக்குள் இருக்கும் 32 பிட்

1981 செப்டெம்பரில் வெளியான ஆர்எஃப்சி 791 என்ற ஆவணம் வகுத்தபடி, ஐபிவி4 முகவரி என்பது 32 பிட் (0 அல்லது 1 நிற்கும் 32 இடங்கள்) நீளமுள்ள ஒரு துவித எண். மனிதர் வாசிப்பதற்கு வசதியாக அதை எட்டு எட்டு பிட்டாக நான்கு கூறுகளாக்கி, ஒவ்வொன்றையும் பதின்ம எண்ணாக எழுதி, இடையில் புள்ளி வைக்கிறோம். எட்டு பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 255 ஆகையால், எந்தக் கூறும் 0 முதல் 255 வரையே இருக்கும்.

கொப்பியின் ஒரு வரியில் இந்த இடப்பெறுமானங்களை எழுதிவையுங்கள்:

128 64 32 16 8 4 2 1

ஓர் எண்ணைத் துவிதமாக்க இடமிருந்து வலமாகப் போங்கள். 150 என்ற எண்ணில் 128 அடங்கும், ஆகவே முதலாவது 1, மீதி 22. அதில் 64 அடங்காது, 32 உம் அடங்காது, ஆகவே இரண்டு 0. 16 அடங்கும், 1, மீதி 6. எட்டு அடங்காது, 0. நான்கு அடங்கும், 1. இரண்டு அடங்கும், 1. ஒன்று மீதியில்லை, 0. விடை 10010110. இதைக் கைக்கணக்காகச் சில எண்களுக்குச் செய்து பழகியவருக்குப் பின்னால் வரும் எதுவும் கடினமாக இராது. கணிப்பொறியிடம் கொடுத்து விடை எடுத்தவருக்கு எல்லாம் கடினமாகவே இருக்கும்.

மூன்றாம் படி: உள்ளே பாவிக்கக்கூடிய முகவரிகள் எவை

32 பிட்டில் 4,294,967,296 முகவரிகள் உண்டு. கேட்கப் பெரிய தொகைதான், ஆனால் உலகுக்குப் பங்கிடும் ஐயானா அமைப்பு 2011 பெப்ரவரி 3 அன்று தன் கையிருப்பின் கடைசித் தொகுதிகளைக் கொடுத்து முடித்தது. இலங்கை உள்ளிட்ட ஆசிய பசிபிக் பகுதிக்குப் பொறுப்பான ஏபிநிக், அதே ஆண்டு ஏப்ரல் 15 இல் தன் இறுதித் தொகுதிக்கு வந்துவிட்டது. இப்படி நேரும் என்பது முன்பே தெரிந்திருந்ததால், 1996 இல் ஆர்எஃப்சி 1918 மூன்று தொகுதிகளை உள்வலையமைப்புகளுக்கென்று ஒதுக்கியது:

10.0.0.0 முதல் 10.255.255.255 வரை
172.16.0.0 முதல் 172.31.255.255 வரை
192.168.0.0 முதல் 192.168.255.255 வரை

இவற்றை யாரிடமும் அனுமதி கேளாமல் உங்கள் கட்டடத்துக்குள் பாவிக்கலாம். பக்கத்துக் கடைக்காரரும் இதே எண்களைப் பாவிக்கலாம். இவை பொது இணையத்தில் செல்லுபடியாகாதவை என்பதால் மோதல் வராது. வெளியே போகும் பொதிகளில் உள்முகவரியை நீக்கிப் பொது முகவரியை எழுதும் வேலையை ரவுட்டரில் உள்ள நாட் என்ற செயல்முறை பார்த்துக்கொள்கிறது. நடுத்தொகுதியில் ஓர் எச்சரிக்கை தேவை: 172.31 உடன் அது முடிந்துவிடுகிறது. 172.32 என்று தொடங்குவது வேறு யாருக்கோ சொந்தமான பொது முகவரி. அதை உள்ளே போட்டுவிட்டால், அந்த யாரோ ஒருவரின் இணையத்தளம் உங்கள் கட்டடத்தில் மட்டும் திறக்காது, காரணமும் எளிதில் பிடிபடாது.

நான்காம் படி: மாஸ்க் எங்கே கோடு போடுகிறது

தொலைபேசி இலக்கத்தை நினைத்துப் பாருங்கள். 065 என்றால் மட்டக்களப்பு, 067 என்றால் கல்முனை, 063 என்றால் அம்பாறை. அதன் பின் வருவது அந்தப் பகுதிக்குள் இருக்கும் இணைப்பு. ஐபி முகவரியும் அப்படித்தான்: முன்பகுதி எந்த வலையமைப்பு என்பதையும், பின்பகுதி அதற்குள் எந்தக் கருவி என்பதையும் சொல்கிறது. வேறுபாடு என்னவென்றால், தொலைபேசியில் பகுதிக் குறியீட்டின் நீளம் எல்லோருக்கும் தெரிந்த நிலையான ஒன்று. ஐபி முகவரியில் கோடு எங்கே விழுகிறது என்பதை முகவரியைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதைச் சொல்வதற்கென்றே மாஸ்க் கூடவே வருகிறது.

மாஸ்க்கும் 32 பிட்தான். வலையமைப்புப் பகுதிக்கு உரிய இடங்களில் 1 உம், கருவிப் பகுதிக்கு உரிய இடங்களில் 0 உம் நிற்கும். இடப்பக்கம் முழுவதும் 1, வலப்பக்கம் முழுவதும் 0. நடுவில் கலந்து வராது. அதனால் ஒரு கூறில் வரக்கூடிய மாஸ்க் பெறுமானங்கள் 0, 128, 192, 224, 240, 248, 252, 254, 255 ஆகிய ஒன்பது மட்டுமே. எங்கேயாவது 255.255.255.200 என்று கண்டால் அது பிழை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 1 களின் எண்ணிக்கையைச் சாய்கோட்டுக்குப் பின் எழுதுவது சுருக்கமுறை: 255.255.255.0 என்பது /24, 255.255.255.192 என்பது /26.

இப்போது கணினி கேட்கும் கேள்விக்கு வருவோம். உங்கள் கணினியின் முகவரி 192.168.40.150, மாஸ்க் 255.255.255.192 என்க. 192.168.40.200 என்ற முகவரிக்குப் பொதி அனுப்ப வேண்டும். முதல் மூன்று கூறுகளில் மாஸ்க் 255 ஆதலால் அவை அப்படியே நிற்கும். நாலாவது கூறுதான் வேலை. முகவரியும் மாஸ்க்கும் ஆகிய இரண்டிலும் 1 இருக்கும் இடத்தில் மட்டும் 1 எழுதுங்கள், மற்ற இடங்களில் 0.

150 = 10010110
192 = 11000000
விடை = 10000000, அதாவது 128

200 = 11001000
192 = 11000000
விடை = 11000000, அதாவது 192

முதலாவது 192.168.40.128 என்ற வலையமைப்பில் இருக்கிறது, இரண்டாவது 192.168.40.192 என்ற வலையமைப்பில் இருக்கிறது. விடைகள் வேறுபட்டதால் சேரிடம் வெளியே. பொதி கேட்வேக்குப் போகும். இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்திருந்தால், அந்த முகவரிக்குரியவர் யார் என்று கணினி தன் கேபிளிலேயே உரக்கக் கேட்டு, பதில் சொல்பவரின் மேக் முகவரிக்கு (கருவியில் உற்பத்தியின்போதே பதிந்த அடையாள எண்ணுக்கு) நேரே அனுப்பியிருக்கும். அப்படிக் கேட்பதற்குப் பெயர் ஆர்ப்.

பழைய பாடநூல்களில் வரும் ஏ, பி, சி வகுப்புகளைப் பற்றி அதிகம் அலட்டிக்கொள்ள வேண்டாம். முகவரியின் முதல் எண்ணைக் கொண்டே கோடு விழும் இடத்தை முடிவு செய்த அந்த முறை, கோட்டை எங்கும் போட இடந்தரும் சைடர் முறை 1993 இல் வந்ததோடு காலாவதியாயிற்று. ஆயினும் அதன் மிச்சம் இன்னும் உயிரோடிருக்கிறது: விண்டோஸின் பழைய கட்டுப்பாட்டுப் பலகம் வழியே முகவரியைக் கையால் இடும்போது, 10 என்று தொடங்கும் முகவரிக்கு 255.0.0.0 என்றும், 192 என்று தொடங்குவதற்கு 255.255.255.0 என்றும் மாஸ்க் பெட்டி தானாகவே நிரம்பிக்கொள்ளும். அவசரத்தில் அதை அப்படியே விட்டுவிடுவதால் வரும் கோளாறைக் கடைசியில் பார்ப்போம்.

ஐந்தாம் படி: தொகுதிகளின் அளவு

கணினிக்குத் துவிதம் தேவை. மனிதருக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. மாஸ்க்கில் 255 ஆகவும் 0 ஆகவும் இல்லாத கூறை 256 இலிருந்து கழியுங்கள். மாஸ்க் 255.255.255.224 என்றால் 256 இலிருந்து 224 போக 32. ஆகவே வலையமைப்புகள் 0, 32, 64, 96, 128, 160, 192, 224 ஆகிய இடங்களில் மட்டுமே தொடங்கும். 192.168.40.77 எங்கே இருக்கிறது? 77 க்குக் கீழே உள்ள மிக அண்மிய தொடக்கம் 64. அடுத்த தொடக்கம் 96. எனவே 64 முதல் 95 வரையான தொகுதி.

தொகுதியின் முதல் எண் வலையமைப்பின் பெயர். கடைசி எண் புரோட்காஸ்ட், அதாவது அங்குள்ள எல்லாருக்கும் ஒருசேர அனுப்பும் முகவரி. இரண்டையும் கருவிகளுக்குக் கொடுக்க முடியாது. மீதியுள்ளவையே பயன்படும்:

/24: மாஸ்க் இறுதி 0, மொத்தம் 256, பயன்படுபவை 254
/25: 128, மொத்தம் 128, பயன்படுபவை 126
/26: 192, மொத்தம் 64, பயன்படுபவை 62
/27: 224, மொத்தம் 32, பயன்படுபவை 30
/28: 240, மொத்தம் 16, பயன்படுபவை 14
/29: 248, மொத்தம் 8, பயன்படுபவை 6
/30: 252, மொத்தம் 4, பயன்படுபவை 2

இரண்டு ரவுட்டர்களை மட்டும் நேருக்கு நேர் இணைக்கும்போது /31 உம் செல்லும் என்பது உண்மை. தொடக்கத்தில் அதை மறந்துவிடலாம்.

ஆறாம் படி: ஒரு கல்வி நிலையத்தைப் பிரித்துப் பார்ப்போம்

மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு தனியார் கல்வி நிலையம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் இருப்பது 192.168.40.0/24. தேவைகள் இவை: மாணவர் வைபைக்கு ஒரே நேரத்தில் 100 தொலைபேசிகள், கணினி ஆய்வுகூடத்தில் 40 கணினிகள், அலுவலகத்தில் 12 கணினிகளும் 2 அச்சுப்பொறிகளும், 9 கமராக்களும் அவற்றைப் பதிவு செய்யும் பெட்டியும்.

அலுவலகத்தைப் பாருங்கள். 12 உம் 2 உம் 14. /28 இல் பயன்படுபவையும் சரியாக 14. புதியவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். ரவுட்டரும் அந்த வலையமைப்புக்குள் ஒரு முகவரி எடுத்துக்கொள்ளும். அதுதான் அங்குள்ளோருக்குக் கேட்வே. ஆக வேண்டியது 15, எனவே /27. எந்தப் பகுதியைக் கணக்கிட்டாலும் கருவிகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிவிட்டே அட்டவணையைப் பாருங்கள். கமராப் பகுதிக்கு 9 உம் 1 உம் 1 உம் சேர்த்து 11. அங்கே /28 போதும்.

அடுத்த விதி, பெரியதை முதலில் வையுங்கள். சிறியதை முன்னால் வைத்துவிட்டுப் பெரியதைப் பின்னால் இட முயன்றால், பெரிய தொகுதி தன் அளவின் மடங்கில்தான் தொடங்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டால் இடையில் வெற்றிடம் விழும். சில வேளை இடமே போதாது.

மாணவர் வைபை: 192.168.40.0/25. கேட்வே 1, பயன்படுபவை 1 முதல் 126 வரை, புரோட்காஸ்ட் 127.
ஆய்வுகூடம்: 192.168.40.128/26. கேட்வே 129, பயன்படுபவை 129 முதல் 190 வரை, புரோட்காஸ்ட் 191.
அலுவலகம்: 192.168.40.192/27. கேட்வே 193, பயன்படுபவை 193 முதல் 222 வரை, புரோட்காஸ்ட் 223.
கமரா: 192.168.40.224/28. கேட்வே 225, பயன்படுபவை 225 முதல் 238 வரை, புரோட்காஸ்ட் 239.
மீதி: 192.168.40.240/28, எதிர்காலத் தேவைக்கு.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு புரோட்காஸ்ட் எண்ணோடும் ஒன்றைக் கூட்டிப் பாருங்கள். அடுத்த வலையமைப்பின் தொடக்கம் வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ இடித்திருக்கிறது.

பரீட்சையில் எழுத வேண்டியது இப்படித்தான். ஆனால் உண்மையான கட்டடத்தில் நான் இவ்வளவு சிக்கனம் பார்க்கச் சொல்லமாட்டேன். உள்முகவரிகள் இலவசம், 10 என்று தொடங்கும் தொகுதியில் மட்டும் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கு மேல் இருக்கின்றன. ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு முழு /24 கொடுத்துவிட்டால், கோடு எப்போதும் மூன்றாவது புள்ளியில் விழும். இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் கோளாறு கேட்பவருக்குத் துவிதக் கணக்குச் செய்யாமலே பதில் சொல்லலாம். நுணுக்கமான பிரிப்பு தேவைப்படுவது பொது முகவரிகளைக் கையாளும் இடத்திலும், ரவுட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையிலான இணைப்புகளிலும், வினாத்தாளிலும்தான்.

ஏழாம் படி: தாளில் இருப்பதைக் கருவிகளில் இறக்குதல்

முகவரிகளை மட்டும் மாற்றிவிட்டு எல்லாக் கேபிளையும் ஒரே சாதாரண சுவிட்சில் குத்தினால் வலையமைப்பு பிரிந்துவிட்டதாக ஆகாது. எல்லாரும் அதே கேபிளில்தான் இருக்கிறார்கள். ஒரு மாணவர் தன் மடிக்கணினியில் கமராப் பகுதிக்குரிய முகவரியைக் கையால் இட்டுவிட்டால் நேரே உள்ளே போய்விடுவார். உண்மையில் பிரிப்பதற்கு விலான் வசதியுள்ள சுவிட்ச், அதாவது ஒரே சுவிட்சைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிக்க இடந்தரும் ஒன்று வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு விலான் எண்ணைக் கொடுத்து, சுவிட்சின் எந்தத் துளை எந்த விலானுக்கு உரியது என்பதைக் குறித்து, சுவிட்சிலிருந்து ரவுட்டருக்குச் செல்லும் ஒரு கேபிளில் மட்டும் எல்லா விலான்களும் குறியோடு போகும்படி அமைக்க வேண்டும். இணைய இணைப்போடு வரும் சாதாரண ரவுட்டர்களில் இவ்வசதி அரிது; மைக்ரோடிக் போன்ற நிறுவனங்களின் ரவுட்டர் ஒன்றை அதன் பின்னால் வைத்துக்கொள்வது வழக்கம். வைபை அக்சஸ் பொயின்ட் ஒன்றிலேயே ஊழியருக்கு ஒரு பெயரும் மாணவருக்கு வேறு பெயரும் வைத்து, இரண்டையும் இரு விலான்களோடு கட்டலாம்.

இன்னொன்று, ரவுட்டரின் இயல்பே ஒரு வலையமைப்பிலிருந்து மற்றதற்குப் பொதிகளைக் கடத்துவதுதான். விலான் பிரித்தாலும், எது போகலாம், எது கூடாது என்று பார்க்கும் ஃபயர்வோலில் தடை எழுதாவிட்டால், மாணவர் பகுதியிலிருந்து அலுவலகத்துக்கு ரவுட்டர் தாராளமாக வழிவிடும். மாணவர் வைபையிலிருந்து இணையத்துக்கு மட்டும் அனுமதி, மற்ற மூன்று பகுதிகளுக்கும் தடை என்று எழுதுங்கள். அலுவலகத்திலிருந்து கமராப் பெட்டியைப் பார்க்க அனுமதி கொடுங்கள்.

முகவரி வழங்குவதில், மாணவர் பகுதியில் 10 முதல் 126 வரை டிஎச்சிபி வழங்கட்டும். அது 117 முகவரி. ஒரு நேரத்தில் நூறு பேர் என்றால் இது போதும் என்று தோன்றும். ஆனால் காலை வகுப்புக்கு நூறு பேர் வந்து போய், பிற்பகல் வகுப்புக்கு வேறு நூறு பேர் வரும்போது, காலையில் கொடுத்த முகவரிகளின் தவணை (அவை ஒரு கருவிக்கு ஒதுக்கப்பட்டிருக்கும் காலம்) இன்னும் முடியாதிருந்தால், புதியவர்களுக்குக் கொடுக்க ரவுட்டரிடம் பதினேழு முகவரிதான் மீதியிருக்கும். வைபை குறி முழுதாகக் காட்டும், இணையம் வராது. இணைய நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன் டிஎச்சிபி தவணையைப் பாருங்கள். 24 மணித்தியாலமாக இருந்தால் ஒரு மணித்தியாலமாகக் குறைத்துவிடுங்கள். தொலைபேசிகள் வந்து போகும் இடத்துக்குக் குறுந்தவணை, கணினிகள் அசையாத இடத்துக்கு நெடுந்தவணை.

மற்றவர்கள் தேடிவரும் கருவிகளான அச்சுப்பொறி, கமரா, பதிவுப் பெட்டி ஆகியவற்றுக்கு மாறாத முகவரி வேண்டும். அதைக் கருவியிலேயே கையால் இடலாம். அல்லது அதன் மேக் முகவரியை ரவுட்டரில் பதிந்து, எப்போதும் அதே முகவரியை வழங்கச் செய்யலாம். பின்னதே நல்லதென்பது என் கருத்து, ஏனெனில் முழுப் பட்டியலும் ஒரே இடத்தில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கத்தில் ரவுட்டர் எரிந்துபோனால் பட்டியலும் சேர்ந்து எரிந்துவிடுமே என்று கேட்கலாம். எரியும்தான். ஆகவே அமைப்புகளைப் பிரதியெடுத்து ஒரு பென்டிரைவில் வைத்திருங்கள். கையால் முகவரி இட்டவர்களுக்கும் அந்த நாளில் நிம்மதியில்லை: 192.168.1.1 என்ற ரவுட்டர் எரிந்து, கடையிலிருந்து வரும் புதியது 192.168.8.1 ஆக இருந்தால், தொலைபேசிகளில் இணையம் வரும், அச்சுப்பொறியும் கமராவும் மட்டும் மறைந்துவிடும். புதிய ரவுட்டரின் முகவரியைப் பழையபடி 192.168.1.1 ஆக்கிவிட்டால் ஒரு நிமிடத்தில் தீரும் சிக்கல் இது. கருவிகள் ஒவ்வொன்றாக ஏணி போட்டு ஏறி மாற்றப்படுவதையும் கண்டிருக்கிறேன்.

கமராக்களை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் இணைக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுக்கும்போது ஒரே வகைக் கமராக்கள் எல்லாம் 192.168.1.64, 192.168.1.108 என்பவை போன்ற ஒரே முகவரியோடு வரலாம். ஒன்பதையும் ஒரே வேளையில் குத்தினால் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு எதுவுமே ஒழுங்காகத் தெரியாது.

எட்டாம் படி: சரிபார்த்தல்

பதில் வருகிறதா என்று பார்க்கும் பிங் (ping) கட்டளையை உள்ளிருந்து வெளியே போகும் ஒழுங்கில் பாவியுங்கள். முதலில் கேட்வே; பிறகு மற்றப் பகுதியொன்றின் கேட்வே; பிறகு அப்பகுதியிலுள்ள ஒரு கருவி; பிறகு இணையத்திலுள்ள கூகிளின் 8.8.8.8 என்ற முகவரி, கடைசியில் ஓர் இணையத்தளத்தின் பெயர். எந்த இடத்தில் பதில் நின்றுபோகிறதோ அந்த இடத்தில்தான் கோளாறு. 8.8.8.8 பதில் தந்து பெயர் மட்டும் திறக்காவிட்டால், முகவரியிலும் மாஸ்க்கிலும் பிழை தேட வேண்டாம், பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பைப் பாருங்கள்.

முன்னர் சொல்லிவைத்த கோளாறு இதுதான். "தம்பி, இன்டர்நெட் வருது, கமரா மட்டும் தெரியுதில்ல" என்று அலுவலகத்திலிருந்து அழைப்பு வருகிறது. அந்தக் கணினியின் முகவரி 192.168.40.195, கேட்வே 192.168.40.193, இரண்டும் சரி. மாஸ்க் மட்டும் விண்டோஸ் தானாக நிரப்பிய 255.255.255.0. கமராப் பெட்டி 192.168.40.230 இல் இருக்கிறது. பிழையான மாஸ்க்கைக் கொண்டு கணினி தன் கேள்வியைக் கேட்கும்போது, 195 உம் 230 உம் ஒரே வலையமைப்பு என்று விடை வருகிறது. உடனே கேட்வேயை நாடாமல் தன் கேபிளிலேயே 230 யார் என்று கேட்கிறது. கமராவோ வேறு விலானில் இருப்பதால் அந்தக் கேள்வியே அதன் காதில் விழுவதில்லை. இணையத்தளங்களின் முகவரிகள் எப்படியும் வெளியே இருப்பதால் அவை கேட்வே வழியாகத் தடையின்றி வருகின்றன.

பிங் செய்து பார்த்தால் திரையில் ஓர் அறிகுறி உண்டு. சேரிடத்தை அடைய முடியவில்லை (Destination host unreachable) என்ற பதில் வரும். அந்தப் பதிலை அனுப்பியவர் யார் என்று பார்த்தால் 192.168.40.195, அதாவது அதே கணினி. தன் வீட்டுக்குள் தேடி ஆளைக் காணவில்லை என்று தானே சொல்கிறது. நேரம் கடந்துவிட்டது (Request timed out) என்று மட்டும் வந்திருந்தால் பொதி கேட்வேயைத் தாண்டிப் போயிருக்கிறது என்று கொண்டு ஃபயர்வோலைப் பார்த்திருக்கலாம். இந்த இரு பதில்களையும் வேறுபடுத்தி வாசிக்கத் தெரிந்தவருக்குப் பாதி வேலை மிச்சம். மாஸ்க்கை 255.255.255.224 ஆக்கியதும் கமரா தெரியும்.

வீட்டிலிருந்தபடி கைத்தொலைபேசியில் கமராவைப் பார்க்க வேண்டும் என்ற கோரிக்கையும் அடிக்கடி வரும். ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையான ஏதாவதொன்றில் தொடங்கினால், அல்லது 10 என்று தொடங்கினால், உங்களுக்குக் கிடைத்திருப்பது பொது முகவரி அல்ல. இணைய நிறுவனமே பல வாடிக்கையாளரை ஒரு பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. அப்போது ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து பயனில்லை. கமரா நிறுவனத்தின் மேகச் சேவையையோ, இணையத்தின் ஊடே தனிவழி அமைக்கும் விபிஎன்னையோ, கட்டணம் செலுத்திப் பெறும் நிலையான பொது முகவரியையோ நாட வேண்டும்.

இரண்டாவது கிளை திறக்கும்போது

கல்வி நிலையம் கல்முனையில் ஒரு கிளை திறக்கிறது. இரண்டையும் விபிஎன் மூலம் இணைக்க வேண்டும். இரு இடத்திலும் ரவுட்டர் கடையிலிருந்து வந்தபடியே 192.168.1.0/24 இல் ஓடிக்கொண்டிருந்தால் இணைப்பு ஏற்பட்டும் பயன் வராது. கல்முனையில் உள்ள 192.168.1.50 ஐக் கல்லடிக் கணினி தேடும்போது, அது உள்ளேதான் இருக்கிறது என்று விடை கண்டு, விபிஎன் பக்கம் திரும்பியும் பாராது. முகவரியை மாற்றிப் பூசி இதைச் சமாளிக்கும் வழிகள் இருக்கின்றன. அவற்றைக் கொண்டு ஓட்டுவதைவிட ஒரு கிளையின் முகவரியை மாற்றிவிடுவது நல்லது.

இதற்காகவே தொடக்கத்திலேயே கிளைவாரியாக ஒதுக்கிவைக்கச் சொல்கிறேன். தொலைபேசிக் குறியீடுகளையே எடுத்துக்கொள்ளலாம்: மட்டக்களப்புக் கிளைக்கு 10.65.0.0/16, கல்முனைக் கிளைக்கு 10.67.0.0/16, நாளை அம்பாறை நகரில் திறந்தால் 10.63.0.0/16. ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்றாவது கூறு பகுதியைக் குறிக்கட்டும்: 10 அலுவலகம், 20 ஆய்வுகூடம், 30 மாணவர் வைபை, 40 கமரா. விலான் எண்களும் அவையே. அப்போது 10.67.40.12 என்று எங்காவது கண்டால் அது கல்முனைக் கிளையின் கமரா என்று அட்டவணை பாராமலே தெரியும். மட்டக்களப்பு ரவுட்டரில் கல்முனைக்கு வழி சொல்வதற்கும் 10.67.0.0/16 என்ற ஒரே வரி போதும். அங்கே எத்தனை பகுதிகள் கூடினாலும் இங்கே எதையும் மாற்ற வேண்டியதில்லை.

ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கிளையை இந்த எண்களுக்கு மாற்றுவதானால் வகுப்பில்லாத ஒரு போயா நாளைத் தெரிந்துகொள்ளுங்கள். முன்தினமே டிஎச்சிபி தவணையைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். மாற்றும் நாளில் கையால் முகவரி இட்ட கருவிகளை முதலில் மாற்ற வேண்டும்: கமராக்கள், பதிவுப் பெட்டி, அச்சுப்பொறிகள் என்ற ஒழுங்கில். பழைய முகவரியில் நின்றுகொண்டுதான் அவற்றுக்குள் நுழைய முடியும் என்பதால், புதிய முகவரியை இட்டுச் சேமித்ததும் ஒவ்வொன்றாக அவை உங்கள் திரையிலிருந்து மறைந்துகொண்டே போகும், அது சரிதான். எல்லாம் மறைந்த பிறகு, சுவிட்சின் முகவரியையும் கடைசியாக ரவுட்டரின் முகவரியையும் மாற்றி, உங்கள் மடிக்கணினியின் கேபிளைக் கழற்றி மீண்டும் குத்துங்கள். ரவுட்டரை முதலில் மாற்றிவிட்டால், மற்ற ஒவ்வொரு கருவிக்கும் மடிக்கணினியில் பழைய முகவரியொன்றைக் கையால் இட்டுத் திரும்பத் திரும்ப உள்ளே போக வேண்டியிருக்கும்.